தராசுக்கு முத்திரை உண்டு, டிவைஸ் சர்வருக்கு?

தென்காசி மாவட்டம் புளியங்குடி எலுமிச்சைச் சந்தையில் மூட்டை ஏறும் எலெக்ட்ரானிக் தராசை ஆண்டுக்கொரு முறை சோதித்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. முத்திரையை உடைக்காமல் தராசின் உள்ளே கை வைக்க முடியாது. ஆனால் இத்தகைய தராசுகள் பலவற்றின் பின்புறம் ஒரு சீரியல் போர்ட் இருக்கும். அதில் டிவைஸ் சர்வர் என்ற கையடக்கப் பெட்டியை இணைத்தால், எடை நெட்வொர்க் வழியே நேராக பில் போடும் கம்ப்யூட்டருக்குப் போகும். முத்திரையின் காவல் தராசோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் அந்த எண்ணைக் காப்பது, பெட்டியில் யாருக்கு என்ன உரிமை கொடுத்திருக்கிறோம் என்பதுதான். ஒரே ‘அட்மின்’ பாஸ்வேர்டைக் கடை முழுக்கப் பகிர்ந்துகொள்வது, முத்திரையிடாத தராசில் எடை போடுவதற்குச் சமம் என்பேன்.

அட்மின் கணக்கில் நுழைந்தவர் பெட்டியின் முகவரியை மாற்றலாம், தகவல் எங்கே போகவேண்டும் என்பதை மாற்றலாம், அதை இயக்கும் ஃபெர்ம்வேரையே அழித்து எழுதலாம். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின் விநியோக நிறுவனங்களுக்குள், ஊழியர்களிடம் திருடிய யூசர் பெயர், பாஸ்வேர்டுகளோடு சிலர் நுழைந்தார்கள். துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களைத் தொலைவிலிருந்தே திறந்துவிட்டு, அங்கிருந்த இதே வகைப் பெட்டிகளில் கெட்டுப்போன ஃபெர்ம்வேரை ஏற்றினார்கள். சுமார் 2,25,000 இணைப்புகள் இருளில் மூழ்கின. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது, ஊழியர்கள் நேரில் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டதால். பெட்டிகள் செத்தது செத்ததுதான். சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் நிறைந்திருக்கும் தென்காசி மாவட்டத்துக்கு இது தூரத்துச் செய்தி அல்ல.

‘எலுமிச்சை மண்டியை யார் வந்து தாக்கப் போகிறார்கள்?’ என்று கேட்கலாம். யாரும் தேடி வரவேண்டியதில்லை. 2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரல், கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் சுமார் 60 யூசர்-பாஸ்வேர்டு ஜோடிகளை இணையத்தில் கண்ணில் பட்ட கருவிகளிலெல்லாம் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அதில் திறந்துகொண்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் திரட்டி, அதை ஏவியவர்கள் அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்களை முடக்கினார்கள். ‘சொந்த ஆட்களையே சந்தேகப்படுவதா?’ என்பது இன்னொரு கேள்வி. உண்மையில் தனிக் கணக்கு ஊழியருக்கே பாதுகாப்பு. எடையில் தகராறு வந்தால், எல்லோரும் ‘அட்மின்’ என்றிருக்கும் கடையில் பழி எளியவர் தலையில்தான் விழும். கணினிப் பதிவேடுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-ல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பதிவேடு முழுக்க ஒரே பெயர் இருந்தால் வைத்திருந்து என்ன பயன்? அட்மின் லீவில் போனால் வேலை நின்றுவிடுமே என்பது மட்டும் நியாயமான கவலை. இரண்டாவது அட்மின் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் பாஸ்வேர்டை உறையிலிட்டு ஒட்டி முதலாளியின் பெட்டகத்தில் வைத்தால் அதுவும் தீரும்.

பிரிப்பதும் கடினமல்ல. அமைப்பை மாற்றும் உரிமை ஒருவருக்கு. நிலவரம் பார்க்கவும் பெட்டியை ரீஸ்டார்ட் செய்யவும் மட்டும் மேலாளருக்கு. பில் போடுபவருக்கு லாகினே வேண்டாம், எடை வந்தால் போதும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடிவிட வேண்டும். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு: பல பெட்டிகளில் பாஸ்வேர்டு காப்பது செட்டிங் பக்கத்தை மட்டுமே, எடை போகும் டேட்டா போர்ட்டில் யார் வேண்டுமானாலும் இணையலாம். பில் கம்ப்யூட்டரின் ஐபி முகவரிக்கு மட்டும் அந்த போர்ட்டை அனுமதிப்பதும், டெல்நெட் என்ற பழைய தொலைநுழைவு வழியை அணைப்பதும் அதனால்தான் அவசியம். ஒரே கணக்கு மட்டும் கொண்ட பழைய பெட்டியென்றால், அதை இணையத்தோடு தொடர்பில்லாத தனி நெட்வொர்க்கில் வையுங்கள்.

பெட்டியைப் பொருத்த வரும் டெக்னீஷியன் கிளம்புமுன், பழைய பாஸ்வேர்டு மாறிவிட்டதையும் ஆளுக்கொரு கணக்கு இருப்பதையும் உங்கள் கண்முன் லாகின் செய்து காட்டச் சொல்லுங்கள். அதன்பிறகு சர்வீஸ் ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.