இரத்தக் குழாயணுக்களின் உழைப்பும் ஓய்வும்

உடலிலுள்ள இரத்தக் குழாய்கள் அனைத்தின் உட்புறத்தையும் ஒரே அடுக்காக அமைந்த மெல்லிய உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. வளர்ந்த மனிதரிடத்தில் இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பல ஆண்டுகள் பிரிந்து பெருகாமல் ஓய்ந்திருக்கும். காயம் பட்ட இடத்திலோ பிராணவாயு குறைந்த இடத்திலோ நிலைமை மாறுகிறது. அங்குள்ள திசு, வி.இ.ஜி.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அதை உணர்ந்த ஓர் அணு முன்னே ஊர்ந்து செல்ல, பின்னுள்ளவை பெருகித் தொடர்ந்து, புதிய குழாய்க் கிளை உண்டாகிறது. ஆயினும் புரதத்தின் அழைப்பு மட்டும் போதாது. அழைக்கப்பட்ட அணு தன் வளர்சிதை மாற்றத்தையும் திருப்பிக்கொள்ள வேண்டும்.

அணுக்களின் வேலைக்குச் சக்தி தரும் பொருள் ஏ.டி.பி. அதை 1929-இல் இனங்கண்டவர்களுள், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஒருவர். குளுகோஸைப் பிராணவாயுவின் துணையின்றிப் பாதி வழியில் உடைத்தால் ஒரு மூலக்கூறுக்கு 2 ஏ.டி.பி. மட்டுமே மிஞ்சும், முற்றும் எரித்தால் சுமார் 30 கிடைக்கும். இரத்தத்தில் பிராணவாயு நிறைந்திருந்தும், குழாயணுக்கள் தம் ஏ.டி.பி.யில் பெரும்பகுதியை முதல் வழியிலேயே பெறுகின்றன. இது வீண்செலவு போலத் தோன்றும். சித்தூர்ப் பக்கத்தில் வெல்லம் காய்ச்சுவோர் கரும்புச் சக்கையை எரிப்பதைக் கண்டவர்க்கு இதன் பொருத்தம் விளங்கும். சக்கை நின்று எரியாது; ஆனால் உடனே பற்றும், சுவாலை விரைவில் எழும். காற்றில்லாத திசுவிற்குள் நுழையவேண்டிய அணுவுக்கு அத்தகைய நெருப்பே உகந்தது.

பெல்ஜியத்தில் பீட்டர் கார்மெலியட் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில், குளுகோஸ் உடையும் வேகத்தைக் கூட்டும் பி.எஃப்.கே.எஃப்.பி.3 என்னும் நொதியை நீக்கியபோது குழாய்க் கிளைப்பு குன்றியது (2013). டி.என்.ஏ. ஆக்கத்திற்கு வேண்டிய கரியைக் கொழுப்பமிலங்களும் தருகின்றன என்பது 2015-இல் வெளிவந்தது. ஜெர்மானிய ஆராய்ச்சியாளர் 2016-இல் ஓய்வின் காவலனைக் கண்டனர்: ஃபாக்ஸ்ஓ1 என்னும் புரதம், மிக் என்னும் வளர்ச்சித் தூண்டியை அடக்கி அணுவின் வேகத்தைத் தணிக்கிறது. ஆனால் ஓய்வென்பது உறக்கமன்று. ஓய்ந்த அணு கொழுப்பமிலங்களை வளரும் அணுவைவிட மிகுதியாக எரிக்கிறது. பெருகுவதற்காக அன்று, பிராணவாயுவால் விளையும் சிதைவினின்று தன்னைக் காத்துக்கொள்வதற்காக (2018).

நீரிழிவில் இவ்வொழுங்கு குலைகிறது. குழாயணு குளுகோஸை ஏற்பதற்கு இன்சுலினை எதிர்பார்ப்பதில்லை. ஆகவே இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது உள்ளே புகுவதையும் அதனால் போதிய அளவு தடுக்க இயலாது. நாளடைவில் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிந்து அடைபடுகின்றன. பட்டினி கிடக்கும் விழித்திரை வி.இ.ஜி.எஃப். சுரக்க, உறுதியற்ற புதுக் குழாய்கள் முளைத்து இரத்தம் கசிந்து பார்வை கெடுகிறது. லேசர் சிகிச்சை விழித்திரையின் ஓரப்பகுதியைச் சுட்டு, பிராணவாயுத் தேவையைக் குறைத்து இம்முளைப்பை அடக்குகிறது. வி.இ.ஜி.எஃப்.-ஐத் தடுக்கும் ஊசியும் உண்டு.

வெல்லம் சர்க்கரையைப் போலன்று, நோயாளிக்குத் தீங்கு செய்யாது என்ற எண்ணம் கரும்பு விளையும் ஊர்களில் வேரூன்றியது. வெல்லத்தின் பெரும்பகுதி சுக்ரோஸே. குடலில் அது குளுகோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. பாகாலா வட்டாரக் களப்பணியாளர் இதனை எடுத்துரைப்பதோடு, பார்வை தெளிவாயிருக்கும்போதே கண் பரிசோதனைக்கு அனுப்புதல் வேண்டும். புதுக் குழாய்கள் முளைத்த பின்னும் வலியின்றிச் சில காலம் நன்றாகவே தெரியும். முதிய வயதில் வரும் நீரிழிவில் நோய் தெரிந்தவுடனும், பின்னர் ஆண்டுதோறும், பாவையை மருந்திட்டு விரித்து விழித்திரையைப் பார்ப்பது முறை. பாகாலா சந்திப்பிலிருந்து ஒருபுறம் திருப்பதிக்கும், மறுபுறம் காட்பாடி வழியாக வேலூருக்கும் ரயில் உண்டு. இரு நகரங்களிலும் இதற்கான வசதிகள் உள்ளன.