சைலன்சர் மாத்தினா புகையும் மாறும்

சென்னையில கிளம்பி, திருத்தணி மலையில முருகனைப் பார்த்துட்டு, நகரி வழியா திருப்பதி போறீங்க. கார்ல 'சவுண்ட்' வேணும்னு சைலன்சரை மாத்தியாச்சு. பார்டர் தாண்டினா வேற சட்டமா?

இல்ல, ரெண்டு பக்கமும் அதே மோட்டார் வாகனச் சட்டம்தான். அதோட 52-வது பிரிவுப்படி, ஆர்சி விவரம் கம்பெனி கொடுத்ததுல இருந்து வேறுபடுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செஞ்சது.

அப்போ எது ஓகே? சீட் கவர், மியூசிக் சிஸ்டம் பிரச்சினை இல்ல. கலர் மாத்தினா ஆர்சியில பதியணும். அங்கீகாரம் உள்ள சிஎன்ஜி கிட்டுக்கு ஆர்டிஓ அனுமதி வேணும்.

சைலன்சர்ல சிக்கல் சத்தம் மட்டும் இல்ல. சில இடங்கள்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழட்டிடுவாங்க. விஷமான கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடா மாத்துறதே அதுதான். பிஎஸ்-4 பெட்ரோல் கார்ல, ஐடில்ல அந்த வாயு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாம பியுசி டெஸ்ட்ல பாஸ் ஆகுறது கஷ்டம். மாசு விதியை மீறினா 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை சிறைனு சட்டத்துல இருக்கு.

ஒரு டிப்: கன்வெர்ட்டர் சூடானாதான் வேலை செய்யும். அதனால கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, என்ஜின் ஆறுறதுக்குள்ள டெஸ்ட் எடுங்க. கழட்டின பார்ட் வீட்டுல இருந்தா, முதல்ல திரும்ப மாட்டிடுங்க. காவடியோட நடந்து போறவங்க சுவாசிக்கிறது உங்க புகையைத்தான்.