பம்மல் சம்பந்தமும் ஒரு சிவப்புக் கட்டடமும்: நம்ம சபா நாடகம் பிறந்த கதை

கமல் நடித்த 'பம்மல் கே. சம்பந்தம்' (2002) டிவியில் எத்தனை தடவை போட்டாலும் பார்க்கிற ஆளா நீங்க? அதுக்கு வசனம் கிரேசி மோகன். நாடகக்காரர்களுக்கு அந்த டைட்டிலைக் கேட்டதும் இன்னொரு சம்பந்தம் ஞாபகத்துக்கு வருவார். பம்மல் சம்பந்த முதலியார். அவர் கதை தொடங்குவது, நாம தினமும் கண்டுக்காமல் கடந்துபோகிற ஒரு கட்டடத்தில்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே செங்கல் சிவப்பில் நிற்கிறதே, அதுதான் விக்டோரியா பப்ளிக் ஹால். மயிலாப்பூர்வாசிகள் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி பார்க் டவுனில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான். வடிவமைத்தவர் ராபர்ட் சிஸ்ஹோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டி. 1880-களின் கடைசியில் எழுந்தது. கீழே ஒன்று, மேலே ஒன்று என ரெண்டு ஹால். ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் உட்காரலாம். மாடியில் மரத்தாலான கேலரி வேறு. 1897-ல் விவேகானந்தர் பேசியது இங்கேதான். சென்னைக்காரர்கள் முதன்முதலில் 'ஓடும் படம்' பார்த்ததும் இங்கேதான் என்கிறது சினிமா வரலாறு.

நமக்கு முக்கியமான வருஷம் 1891. பெல்லாரி கிருஷ்ணமாச்சாரியின் குழு வந்து இந்த ஹாலில் தெலுங்கு நாடகம் போடுகிறது. பார்க்கப் போன சம்பந்தத்துக்கு 18 வயசு. தமிழ் நாடகம் என்றாலே அதுவரை அவருக்கு இளக்காரம்தான். படித்தவர்கள், வேலையில் இருப்பவர்கள் மேடையேறி இவ்வளவு நல்லா நடிக்கிறாங்களே, நம்மால் முடியாதா? ஜூலை 1-ம் தேதியே நண்பர்களைச் சேர்த்து 'சுகுண விலாச சபா'வை ஆரம்பித்துவிட்டார்.

அப்போதைய தமிழ் நாடகம் ராத்திரி தொடங்கினால் விடிய விடிய நடக்கும், பாட்டுக்கு மேல் பாட்டு. நடிப்பவருக்கு ஊர் வைத்த பேர் 'கூத்தாடி'. சம்பந்தம் இதை மாற்றினார். வசனத்தில் கதை சொன்னார், சில மணி நேரத்தில் திரையை இறக்கினார். 'ஹாம்லெட்'டை 'அமலாதித்யன்' ஆக்கினார். வக்கீலாகி, பிறகு நீதிபதியான அவரே ஹீரோ. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் இந்த சபா நடிகர்தான். அவ்வளவு பெரிய மனுஷங்க அரிதாரம் பூசினால், ஊர் எப்படி இளக்காரமாகப் பேசும்?

ஆனா அந்த மரியாதைக்கு ஒரு விலை இருந்தது. பெண் வேஷத்தையும் ஆண்களே போட்டார்கள். அதில் சி. ரங்கவடிவேலு பெரிய பேர் வாங்கினார். 'கௌரவமான' மேடை படித்த, வசதியான ஆண்களின் மேடையாகவே இருந்தது. விடிய விடிய ஆடிப் பிழைத்த தொழில்முறைக் கலைஞர்களுக்கு அந்த கௌரவம் சுலபத்தில் கிடைக்கவில்லை. சபா வரலாற்றைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சம்பந்தம் எழுதிய 'மனோகரா' 1954-ல் சிவாஜி படமானது. 'சபாபதி' 1941-ல் ஏவி.எம் படம். (2021-ல் வந்த சந்தானம் படத்துக்கும் அதே பேர். கதை வேற!)

பகலில் ஆபீஸ், சாயங்காலம் மேடை என்ற அந்தப் பழக்கம் அப்படியே தெற்கே வந்தது. மயிலாப்பூரில் ரசிக ரஞ்சனி சபா 1929-ல் வந்தது. நடிகர் நாகையாவின் முயற்சியில் 1940-களில் தி.நகர் வாணி மகால். ஏஜி ஆபீஸ் பாலசந்தர், ரயில்வே நாகேஷ், வக்கீல் சோ, இன்ஜினீயர் கிரேசி மோகன்... எல்லாரும் சம்பந்தம் போட்ட ரூட்டில் வந்தவங்கதான். வாரக் கடைசியில் வாணி மகாலில் உங்க தாத்தா-பாட்டி பார்க்கிற ரெண்டு மணி நேர காமெடி நாடகத்துக்கும் இதுதான் மூலம்.

மூலத்தின் நிலைமைதான் பரிதாபம். சினிமா வந்தது, நாடகக் கூட்டம் மயிலாப்பூர், தி.நகர் பக்கம் நகர்ந்தது. ஹால் பல வருஷம் பூட்டியே கிடந்தது. பக்கத்தில் மெட்ரோவுக்குத் தோண்டியபோது, 'இது தாங்குமா?' என்று கவலைப்பட்டார்கள். 2023-ல் 'சிங்காரச் சென்னை 2.0' திட்டத்தில் 32 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, மாநகராட்சி சீரமைப்பில் இறங்கியது. பழைய சுண்ணாம்புப் பூச்சு, மெட்ராஸ் டெரஸ் கூரை, மரப்படிக்கட்டு எனப் பார்த்துப் பார்த்துச் செய்யவேண்டிய வேலை.

சுவரைக் காப்பாற்றலாம், மேடையைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். செல்ஃபி எடுக்கிற மியூசியமாக மட்டும் ஆகிவிடாமல், 20 பேர் சேர்ந்து நடத்தும் சின்னக் குழு கொடுக்கக்கூடிய வாடகைக்கு சாயங்காலம் மேடை கிடைக்கணும். ரிகர்சலுக்கே இடம் தேடி அலைகிற இன்றைய இளைஞர் குழுக்களுக்கு, சென்ட்ரல் பக்கத்தில் இருக்கிற ஹால் லட்டு மாதிரி. ரயில், மெட்ரோ, பஸ் மூன்றும் வாசலில். ராத்திரி நாடகம் விட்டதும் வீட்டுக்குப் போகிற கவலையே இல்லை.

சரி, அந்த சுகுண விலாச சபா என்ன ஆச்சு? இப்பவும் இருக்கு. அண்ணா சாலையில், ஒரு கிளப்பாக.