தேம்ஸில் போடாத கையெழுத்துப் பிரதி

திருக்கழுக்குன்றத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. 310 பக்கத்துக்கு ஸ்பைரல் பைண்டிங் போடக் கொடுத்துவிட்டு நின்ற தெரிந்த பையன், "அண்ணா, நாவலுக்கு ஏஜென்ட் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான். கடைக்காரர் முந்திக்கொண்டார்: "எல்ஐசியா தம்பி? நம்ம மச்சானே இருக்காரு."

சிரித்தோம். ஆனால் தமிழில் நாவலுக்கு ஏஜென்ட் தேடினால் அநேகமாக மச்சான்தான் கிடைப்பார். கணக்குப் பாருங்கள். 300 ரூபாய் நாவல் 300 பிரதி விற்றதாக வைத்துக்கொள்வோம். பத்து சதவீத ராயல்டி 9,000 ரூபாய். லண்டன் ஏஜென்ட் வழக்கமாக எடுக்கும் 15 சதவீதம் என்றால் 1,350. இதற்காக யார் படியேறி இறங்குவார்கள்? எழுதியவரே பதிப்பாளருக்கு அனுப்புகிறார். கொடுத்துவைத்தவருக்கு மூத்த எழுத்தாளர் ஒருவர் போனில் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறார்.

புரசைவாக்கத்துப் பாட்டி வீட்டில் வளர்ந்த ஆர்.கே. நாராயணுக்கும் ஒரு சிநேகிதர்தான் கைகொடுத்தார். முதல் நாவல் 'சுவாமி அண்டு ஃப்ரெண்ட்ஸ்' லண்டன் பதிப்பகங்களுக்குப் போய்ப் போய்த் திரும்பியது. வெறுத்துப்போனவர், ஆக்ஸ்போர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு எழுதினார்: கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடு. பூர்ணா அதை எழுத்தாளர் கிரகாம் கிரீனிடம் கொண்டுபோனார். 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் வெளியிட்டது. நாராயணசாமியை நாராயண் ஆக்கியதும் கிரீன்தான். டேவிட் ஹையம் என்ற ஏஜென்ட் அமைந்ததும் அவர் வழியாகத்தான். புத்தகம் சரியாக விற்கவில்லை. அடுத்த இரண்டு நாவலுக்கும் வேறு வேறு பதிப்பகம் பார்க்க வேண்டியிருந்தது. ஏஜென்ட்டின் அருமை அப்போதுதான் தெரியும்.

நமக்கு ஏஜென்ட் வேலை ஆரம்பிப்பது தமிழைத் தாண்டும்போதுதான். காலச்சுவடு பதிப்பாளர் கண்ணன் வருஷா வருஷம் ஃபிராங்க்ஃபர்ட் புத்தகக் காட்சிக்குப் போய் வந்தது மொழிபெயர்ப்பு உரிமைப் பேச்சுக்காக. 2023 ஜனவரியிலிருந்து அரசே சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடத்துகிறது, மொழிபெயர்ப்புக்கு மானியமும் தருகிறது. அதனால் பையனிடம் ஒன்றைத்தான் அழுத்திச் சொன்னேன்: ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமை யார் கையில் என்று பார்த்துக் கையெழுத்துப் போடு.

படித்துப் பார்க்கவே பணம் கேட்கிறார் ஒருவர் என்றான். விற்றால் பங்கு வாங்குபவர்தான் ஏஜென்ட். முன்பணம் கேட்பவருக்கு வேறு பெயர்.

இதற்குள் கடைக்காரர் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். இந்த ஊர் மலைக்குப் பொங்கல் சாப்பிடக் கழுகு வந்த காலத்துக் கதை.

"உச்சிவேளைனு போட்டிருக்கே தம்பி? எங்க சின்ன வயசுல பதினொண்ணரைக்கே வந்து உக்காந்துடும்."

பையன் பேனாவை எடுத்தான்.