மாணவனுக்கென்றே ஒரு வேடம்

ஆண்டு விழா நாடகத்துக்கு நன்றாக வாசிக்கும் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து வந்தேன். 1918இல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளின் வழி வேறு. சிறுவன் தி.க.சண்முகத்தை மனத்தில் வைத்தே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை எழுதினார். அதுவும் ஒரே இரவில் என்பார்கள்! 1922இல் சுவாமிகள் மறைந்தார். பழகியது நான்கே ஆண்டுகள். ஆனாலும் சண்முகம், ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற பின்னும், அவரையே தம் ஆசிரியராகப் போற்றினார். அவரைப் பற்றித் தனி நூலும் எழுதினார்.

இம்முறை எங்கள் கட்டுமாவடிப் பள்ளியில், வாசிக்கத் திணறும் ஏழாம் வகுப்பு மாணவனுக்காக மீனவர் வேடம் ஒன்றை எழுதினேன். வசனத்தை நான் சொல்லச் சொல்ல, கேட்டே மனப்பாடம் செய்தான். ஒத்திகையில் என்னை நிறுத்தி, "வலைய அப்படி இழுக்க மாட்டாங்க சார்" என்று இழுத்துக் காட்டினான்.