கணிப்பொறிக்கு ஒரு நீர்பாய்ச்சி

வானம் பார்த்த பூமி நம்முடையது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களில் எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் என்று கணக்கு வைத்திருப்பவர் நீர்பாய்ச்சி. தண்ணீர் குறைந்த ஊரில்தான் அவருக்கு மதிப்பு அதிகம். இணையமும் நம்மில் பலருக்கு அளந்தே வருகிறது. கைப்பேசியில் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி. அதை மடிக்கணினிக்குத் திருப்பிவிட்டால் மாலைக்குள் வற்றிவிடும். உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளன்றும் இப்படி நேர்வதுண்டு. "பாடத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லையே!" என்று புலம்புவதைவிடக் கணக்குப் பார்ப்பது நன்று. அதற்கான சிறிய இலவச மென்பொருள்தான் விஎன்ஸ்டாட்.

இது லினக்ஸில் இயங்குவது. உபுண்டு, டெபியன், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் ஆகிய மூன்றிலும் நிறுவும் முறை ஒன்றே. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸும் இருந்ததை மூத்த மாணவர்கள் அறிவர்.

முனையம் என்னும் கறுப்புத் திரையைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் 'சூடோ ஆப்ட் அப்டேட்' என்று தட்டுக. மென்பொருள் பட்டியல் புதுப்பிக்கப்படும். அடுத்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் விஎன்ஸ்டாட்'. (வி, என், எஸ், டி, ஏ, டி என்ற ஆறு எழுத்துகள்.) 'சூடோ' என்பது நிர்வாகியின் அனுமதி. கடவுச்சொல் கேட்கும்போது நாம் தட்டுவது பெரும்பாலும் திரையில் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம்.

நிறுவியவுடனே அது பின்னணியில் வேலையைத் தொடங்கிவிடும். உடனே கணக்குக் கேட்டால் போதிய தரவு இல்லை என்றே விடை வரும். சிறிது நேரம் பொறுக்க வேண்டும். பிறகு 'விஎன்ஸ்டாட்' என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சிறுகோடும் 'டி' எழுத்தும் இட்டால் நாள்வாரிக் கணக்கு. 'எச்' இட்டால் மணிவாரி. 'எம்' இட்டால் மாதவாரி. நாம் உறங்கிய நள்ளிரவு மணிக்கு எதிரே பெரிய எண் இருந்தால், யாரும் கேட்காமலே ஏதோ ஒரு புதுப்பித்தல் இறங்கியிருக்கிறது என்று ஐயுறலாம்.

இது எப்படி அறிகிறது? வலையமைப்பு வாயில் ஒவ்வொன்றிலும் எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது என்று லினக்ஸின் கருவகம் தானே எண்ணிக்கொண்டிருக்கிறது. கணினியை நிறுத்தினால் அந்த எண் அழிந்துவிடும். விஎன்ஸ்டாட் அவ்வப்போது அதைப் படித்துத் தன் ஏட்டில் எழுதிக்கொள்கிறது, அவ்வளவே. மடையைத் தாண்டிய நீரை அளக்குமே தவிர, அது எந்தப் பாத்திக்குப் போயிற்று என்று சொல்லாது. எந்த நிரல் விழுங்கியது என்றறிய 'நெட்ஹாக்ஸ்' என்ற வேறொரு கருவி உண்டு. கைப்பேசியே செலவழித்ததும் இந்தக் கணக்கில் வராது.

செய்திப் பொட்டலங்களையே பிரித்துப் பார்க்கும் 'டிசிபிடம்ப்' போன்றவை வேறு இனம். கல்லூரி ஆய்வகக் கணினியில் எதையும் பொறுப்பாசிரியரின் அனுமதியின்றி நிறுவலாகாது. உரியவர் அனுமதியின்றி வலையமைப்பில் நுழைவதும் தரவை எடுப்பதும் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவின் கீழ் வருபவை.

நீக்குவதில்தான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். 'சூடோ ஆப்ட் ரிமூவ் விஎன்ஸ்டாட்' என்றால் மென்பொருள் போகும். அமைப்புக் கோப்பு தங்கிவிடும். மறுபடி நிறுவும் எண்ணமிருந்தால் அது வசதியே. அடியோடு அகற்ற 'ரிமூவ்' இருக்குமிடத்தில் 'பர்ஜ்' என்று எழுதுக. அதன்பின் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' இட்டால், துணைக்கு வந்து இனித் தேவைப்படாத பொதிகளும் நீங்கும். ஆனால் 'ஒய்' அழுத்துமுன் அது காட்டும் பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பழைய கணக்கேடு இருந்த இடம் 'வார்' அடைவினுள் 'லிப்', அதனுள் 'விஎன்ஸ்டாட்'. 'எல்எஸ்' கட்டளையால் அங்கே எட்டிப் பார்த்து, அது இல்லையென்று உறுதி செய்துகொண்டால் வேலை முடிந்தது.