கட்டி சிறுத்தால் கன்று தப்பியதா?

மாடுகளுக்கான காசநோய்த் தடுப்பூசி ஐந்தாண்டுகளில் பிரயோகத்துக்கு வந்துவிடும் என்று 2020இல் பிரிட்டிஷ் சர்க்கார் பிரகடனம் செய்த தவணை, ஊசி தொழுவத்தை எட்டுவதற்கு முன்னரே கழிந்துபோன செய்தியை இப்பத்தியில் எழுதியபின் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் சுமந்து வந்தன: ஊசி போட்ட கன்றையும் அறுத்துப் பார்த்தால் கட்டி இருக்கிறதாமே, பிறகு அது என்ன தடுப்பூசி?

குழப்பத்துக்கு வாசகர் பொறுப்பல்லர். 'பாதுகாப்பு' என்னும் சொல்லை அறிக்கைகள் கையாளும் விதமே அதற்குக் காரணம். கன்று காக்கப்பட்டது என்று எழுதப்படும்போது, தொண்டையையும் மார்பையும் சேர்ந்த நிணநீர்க் கணுக்களை அரிந்து பார்த்ததில் கண்ணுக்குத் தெரியும் கட்டி இல்லை என்பதே பல அறிக்கைகளில் அதன் அர்த்தம். கிருமி உடலுக்குள் நுழையவே இல்லை என்பதன்று.

ஊசி போடாத மாட்டில் கிருமியைச் சூழும் அணுக்கள் தாமும் மடிந்து, கட்டியின் நடுப்பகுதி திரிந்த பால்போல் கட்டி தட்டி, நாளடைவில் சுண்ணாம்பு படிந்து, சில வேளைகளில் மூச்சுக்குழலுக்குள் உடைத்துக்கொண்டு, ஒவ்வோர் இருமலிலும் கிருமியைப் பக்கத்து மாட்டுக்கு அனுப்பிவைக்கிறது. பி.சி.ஜி. என்னும் இத்தடுப்பூசியைப் பெற்ற மாட்டிலோ முன்பே பழக்கப்பட்ட வெள்ளணுக்கள் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடுவதால், கட்டிகள் தோன்றினும் பெரும்பாலும் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் சிறுத்தும் முற்றாத நிலையிலேயே நின்றுவிடுகின்றன. உள்ளே கிருமியும் சொற்பம்.

இதனால் பக்கத்து மாட்டுக்கு என்ன லாபம் என்பதைத்தான் எத்தியோப்பியாவில் நடந்து 2024இல் பிரசுரமான ஒரு பரிசோதனை அளந்தது. ஊசி போட்ட கன்றுகளையும் போடாதவற்றையும் நோயுற்ற மாடுகளோடு ஓராண்டு கட்டிவைத்து, பின்னர் அக்கன்றுகளையே புதிய கன்றுகளுக்கு அண்டையில் விட்டார்கள். தொற்றாமல் காத்தது 58 சதவிகிதம். ஊசியை மீறித் தொற்றியவை பிறவற்றுக்குப் பரப்புவது 74 சதவிகிதம் குறைந்தது. இரண்டையும் கூட்டலாகாது, பெருக்க வேண்டும். நூற்றில் மிஞ்சிய 42இல் கால் பங்குக்குச் சற்று மேற்பட்ட பகுதி, அதாவது ஏறத்தாழ 11 மட்டுமே எஞ்சுகிறது. ஆகவே மொத்தப் பலன் 89. கட்டியுள்ள கன்றைத் தோல்வி என்று ஒதுக்கியிருந்தால் இக்கணக்கின் கணிசமான பகுதி நம் கண்ணுக்கே பட்டிராது. ஆனால் அந்த 74இன் நிச்சயமின்மை 46 முதல் 98 வரை நீள்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வதுதான் நாணயம். விளம்பரத் தாள்களில் 89 மட்டும் பெரிய எழுத்தில் வரும் நாளை நான் எதிர்பார்க்கிறேன்.

ஊசி போட்ட மாடு, காசநோயைக் கண்டறியத் தோலில் செய்யும் டியூபர்குலின் சோதனையில் நோயாளியைப் போலவே தோன்றக்கூடும் என்பதுதான் ஊசி தொழுவத்தை எட்டாத தாமதத்தின் மூலகாரணம். பி.சி.ஜி.யை உருவாக்கிய கால்மெட்டும் கெரேனும் ஒரு மாட்டின் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை பித்தநீர் கலந்த உருளைக்கிழங்கில் 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கியபோது, அவர்கள் அறியாமலே சில புரதங்களின் மரபுத் துண்டு உதிர்ந்துபோயிற்று. அப்புரதங்களுக்கு மாட்டின் தோல் தடித்தால் அது நோய், தடிக்காவிட்டால் வெறும் ஊசி என்று பிரித்தறியும் புதிய சோதனையை 2021 முதல் இங்கிலாந்தின் பண்ணைகளில் பரீட்சித்து வருகிறார்கள்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

முன்பே நோயுற்ற மாட்டுக்குப் போடலாமா? அது மருந்தன்று.

செங்கல்பட்டில் 1968இல் தொடங்கிய ஆய்வில் பெரியோரைக் காக்கத் தவறிய ஊசிதானா? அதே பி.சி.ஜி.தான், அங்கே எண்ணியது மனிதரின் நோயை, இங்கே எண்ணுவது கன்றின் கட்டியை.

ஊசிக்குப் பதிலாக, சோதனையில் நோயுற்றதாகத் தெரியும் மாட்டை அறுப்பது நம் நாட்டில் நடக்குமா? பசுவதைத் தடை பெரும்பாலான மாநிலங்களில் இருக்க, நடக்காது.

பால்? காய்ச்சித்தான் குடிக்க வேண்டும், ஊசி வந்தாலும்.